குளிர் போதவில்லை

ஆலையை மூடியபோது
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இரண்டு காஷ்மீர் கோட்டுகள் கொடுத்தார்கள்.
ஒன்றை விற்று
லாரிக்குப் போடுகிற பாட்டரி ஒன்றும்
கட்டைவிரல் தடிமனில்
சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்றாய்
நான்கு மீட்டர் கேபிளும் வாங்கினேன்.
மற்ற கோட்டைப் போட்டிருக்கிறேன்.
என் முதல் இவ்வளவுதான்.

‘கார் கிளம்பவில்லையா? கூப்பிடுங்கள்.
எந்த நேரமானாலும்.
உரன்பிலெக்.’
மகன் எழுதினான், அவன் கையெழுத்துதான் நேர்.
அடியில் என் எண்ணை
வால் வாலாகக் கத்தரித்துவிட்டு
உலான்பாத்தரில் எங்கள் பேட்டை முழுக்க
அடுக்குமாடி வாசல் ஒவ்வொன்றிலும் ஒட்டினோம்.
ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன்.
எல்லா வாலும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன.

நவம்பர் முழுக்க மைனஸ் பதினான்கு, பதினாறு.
அந்தக் குளிரில் எந்த வண்டியும்
முனகியாவது கிளம்பிவிடும்.
மற்றவர்கள் மல்யுத்தம் பார்ப்பதுபோல
நான் வானிலை அறிக்கை பார்த்தேன்,
இறங்கு, இன்னும் இறங்கு என்று
திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு.
எதிர் வீட்டுக் குழந்தைக்கு நெஞ்சுச்சளி.
கரிப்புகை அடங்கட்டும், கொஞ்சம் வெயில் வரட்டும் என்று
அதன் தாய் ஜன்னலில் நின்று வேண்டுகிறாள்.
ஒரே மாடியில் நின்று
ஒரே வானத்தை
ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம்.
மாடிப்படியில் பார்த்தால்
‘என்ன குளிர்!’ என்பாள்.
‘ஆமாம்’ என்பேன்,
போதவில்லை என்பதை விழுங்கிக்கொண்டு.

பாட்டரி இரவில் ஹீட்டர் பக்கத்தில் தூங்கும்.
அதற்கு மகன் வைத்த பெயர் தங்கச்சி.
தங்கச்சிக்குக் குளிருமே என்று
தன் பழைய ஸ்வெட்டரைப் போர்த்திவிடுவான்.
சம்பாதிக்காமல் தூங்குகிற பிள்ளை அது ஒன்றுதான்
என்று திட்டுவேன்.
போர்த்தியதை எடுக்கமாட்டேன்.

டிசம்பர் பத்தொன்பது, விடிகாலை நாலே முக்கால்.
மைனஸ் முப்பத்தேழு.
பூட்ஸ் மாட்டுவதற்குள் நான்கு அழைப்புகள்.
லிஃப்ட் வேலை செய்தது, அதுவே பெரிய அதிர்ஷ்டம்.
கீழே வந்து என் வண்டியில் சாவியைத் திருகினேன்.
டிக்.
மறுபடியும் டிக்.
ஊர் வண்டியையெல்லாம் கிளப்ப வந்தவளின்
சொந்த வண்டி கிளம்பவில்லை.
சிரித்தேன். பல் கூசியது.
மகன் தன் சறுக்குப் பலகையோடு இறங்கி வந்தான்.
தங்கச்சியை அதில் உட்காரவைத்து
இருவரும் இழுத்தோம்.

முதல் போணி, பேக்கரி வேன்.
பள்ளிக்கூடங்களுக்குப் போகிற ரொட்டி
உள்ளே ஏறிவிட்டிருந்தது.
ஓட்டுநர் ஷிரெந்தேவ்
பலகையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்,
‘மெக்கானிக் பின்னால் வருகிறாரா?’ என்றார்.
சிவப்புக்குச் சிவப்பு.
கறுப்பு, பெயின்ட் உரிந்த இரும்பில்.
ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாதீர்கள் என்றேன்,
வண்டிக்குக் காது இருப்பதைப்போல.
இருமியது.
நின்றது.
பிறகு வேன் முழுதும் ஒருமுறை நடுங்கி
வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு உறுமியது.
அவருடைய செல்போன் குளிரில் செத்திருந்தது.
காசுக்குப் பதில் சூடு ஆறாத இரண்டு ரொட்டி.
‘மீதி நாளைக்கு’ என்று போய்விட்டார்.
நாளைக்கு வருவாரா, தெரியாது.
ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடியே
அடுத்த தெருவுக்கு இழுத்தோம்.

ஆறு வண்டிகள்.
அதற்குமேல் அழைத்தவர்களை
எண்ணவும் முடியவில்லை, எட்டவும் முடியவில்லை.
இன்னொரு பாட்டரி இருந்தால் என்று
அப்போதே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

வாசலுக்குத் திரும்பினால்
எதிர் வீட்டுக்காரன் காரின் மூடியைத் திறந்துவைத்து
வெறுங்கையால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.
பின் இருக்கையில் அவள்,
போர்வைக்குள் குழந்தை,
விசில்போல அதன் மூச்சு.
தங்கச்சியிடம் கொஞ்சம்தான் மிச்சம்.
போதுமா என்று எனக்கே தெரியவில்லை.
போதியது.
ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறவரை
பின்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரவு கணக்கு நோட்டில்
ஐந்து வண்டிக்குத் துக்ரிக் எழுதினேன்,
ஒன்றுக்கு ரொட்டி.
ஏழாவதற்கு எவ்வளவு என்று மகன் கேட்டான்.
கோடு மட்டும் போட்டுவிட்டு
பேனாவை மூடினேன்.

எதிர் வீட்டில் இன்னும் விளக்கு இல்லை.
நாளைக்கு மைனஸ் முப்பத்தொன்பதாம்.
சார்ஜரைச் செருகினேன்.