இரண்டரை அங்குலக் குறைவு பற்றி

ஐயா,
ஸ்டோர் பதிவேட்டில் நூற்றுப் பதினேழாம் வரிசையில்
'கோல்ஃப் மட்டை, இரும்பு, ஏழாம் எண், ஒன்று,
நீளம் முப்பத்தெட்டரை அங்குலம்' என்றிருப்பது உண்மை.
ஆவுடையப்பன் அண்ணாச்சி அளக்காமல் எதையும் எழுத மாட்டார்.
நீங்கள் டேப் வைத்தபோது முப்பத்தாறு காட்டியதும் உண்மை.
மீதியை வெட்டியது நான்.

கியர்பாக்ஸ் பார்க்க வந்த ஹென்னிங்
டென்மார்க் திரும்பும்போது விட்டுப்போன மட்டை அது.
அவர் ஆறடி நாலு.
நான் ஐந்தடி,
சேஃப்டி பூட்ஸ் போட்டால் இன்னும் கொஞ்சம்.

பங்குனியில் பணகுடிப் பக்கம் காற்றில்லை.
கழுத்துச் சுளுக்கியவை போல நின்றன காற்றாலைகள்.
குளம் வற்றி வண்டல் வெடித்து
மடைக்கும் உடைமரத்துக்கும் நடுவே
இருநூறு தப்படி வெறுந்தரை.
வேலை நேரம் முடிந்த பிறகுதான் போனேன்,
இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

அந்த நீளத்தில் நான் ஆடியது ஆட்டமில்லை.
பிடியின் நுனி வயிற்றில் இடிக்கும்.
விலகி நின்றால்
மட்டையின் மூக்கு வானம் பார்க்கும்,
குதிகால் மண்ணைக் கிண்டும்,
பந்து இடப்பக்கம் ஓடி
உச்சிமாகாளியின் கிடைக்குள் விழும்.
"ஆட்டுக்குக் கண்ணு போச்சுன்னா நீதாம்ளா தரணும்" என்பார்.
பத்தில் ஒன்று சரியாகப் பட்டால்
நூற்றிருபது தப்படி.
அந்த ஒன்றுக்காக ஒன்பதையும்
ஒரு மாதம் பொறுத்தேன்.

இறக்கிப் பிடித்தும் பார்த்தேன்.
மிச்சக் கம்பு முழங்கைக்குள் வந்து நின்றது,
அடுத்தவர் குடையைக் கடன் வாங்கின மாதிரி.

முடியை வெட்டினால் வளரும்.
அதனால் மூன்று தரம் அளந்தேன்.
மண்ணெண்ணெய் விட்டுப் பிடியை உருவி,
வைஸில் துணி சுற்றி இறுக்கி,
ஹாக்சாவில் புது பிளேடு.
உள்ளே ஒன்றுமில்லை ஐயா, வெறும் குழாய்.
இதற்கா பயந்தோம் என்றிருந்தது.

மறுநாள் வீசினால்
தலை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.
கையில் ஈர்க்குச்சி.
நான் சுழன்று முடித்துவிட்டேன்,
பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.
மேலே நறுக்கினால்
கீழே கனம் காணாமல் போகும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
மைதீன் பிச்சையின் டயர் கடையில்
சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயம், அஞ்சு கிராம் துண்டு,
நாலு வாங்கி ஒட்டினேன்.
நாலு அதிகம். மூன்று.
ரசீது இல்லை. என் காசு.

இப்போது தண்டு விறைத்திருக்கிறது.
கடைசி நொடியில் துள்ளிக் கொடுக்குமே,
அது இல்லை.
முதுகு சற்றுக் கூடுதலாய்க் குனிகிறது.
தொண்ணூற்றைந்து தப்படி, மிஞ்சினால் நூறு.
ஆனால் பத்தில் ஏழு
முகத்தின் நடுவில் படுகிறது,
பட்டது கைக்குத் தெரியாத அளவுக்கு.
ஆடுகள் தலை தூக்குவதில்லை.
அந்த நூற்றிருபதை நினைப்பதில்லை என்று
எழுதிக்கொடுக்கச் சொன்னால்
கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனியில் கணவாய்க் காற்று இறங்கியது.
உயரப் போகிற பந்தை அது வாங்கி
அடித்தவர் காலடிக்கே திருப்பிப் போடும்.
என் பந்து உடைமர உயரம்கூட எழாமல்
காற்றுக்கு அடியில் நுழைந்து போகிறது.
இதற்காக வெட்டவில்லை. தானாக வந்தது.

வெட்டிய துண்டை ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.
நாற்பத்தோராம் கோபுரத்தில்
கதவுத் தாழ்ப்பாளின் முளை தேய்ந்து
ராத்திரியெல்லாம் கதவு அடித்துக்கொண்டிருந்தது.
அந்த ஓட்டைக்கு இந்தக் குழாய்
அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டது.
இப்போது உருவினால் கதவு நிற்காது.
புரட்டாசி கழித்து,
காற்று ஓய்ந்ததும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
செ. ஜெபக்கனி,
பராமரிப்புப் பிரிவு.