கோல்கீப்பர் சாமான், ஒரு செட்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
பின்சீட்டில் என் பக்கத்தில் ஒரு சாக்குமூட்டை,
ஆள் உட்கார்ந்த மாதிரி.
"எந்தா இதில்?"
கோழி இல்லை சார். ஸ்பிரிட் இல்லை.
ஹாக்கி.

மணி மூன்றே கால். நான்கு மணிக்கு இறுதிப் போட்டி.
ஒழலப்பதி மைதானத்தில் ஜெசிந்தா
இந்நேரம் சுண்ணாம்பு போட்டு முடித்திருப்பாள்.
கணவாய்க் காற்று அதில் பாதியை
பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.
வடக்குக் கோலின் வட்டம் எப்போதும் கோணல்.
முட்டை என்பார்கள் பிள்ளைகள்.
கூட்டக் குறிப்பேட்டில் நான் வட்டம் என்றே எழுதுவேன்.

நான் செயலாளர்.
எதிர்த்து நிற்க ஆளில்லாமல்
பன்னிரண்டு வருடமாக ஏகமனதாகத் தேர்வாகிறவன்.
பகலில் பால் சொசைட்டியில் கொழுப்பு பார்ப்பேன்.
இரவில் ஆறு அணிக்கு அட்டவணை, பதினான்கு பந்து.
மூன்று வாய்க்காலோடு போய்விட்டன.
ஒன்று கள்ளுக்கடைக் கூரையில் இருக்கிறது,
எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏறுவதில்லை.

மாவட்டத்துக்குக் கடிதம் மலையாளத்தில் போக வேண்டும்.
எனக்குப் பேச வரும். எழுதினால்
விண்ணப்பம் மிரட்டல் மாதிரி ஆகிவிடுகிறது
என்று சுலைகா டீச்சர் திருத்தித் தருவார்.
போன மாதம் அவர்கள் கேட்டது:
நடுவரிசை வினிஷா எந்த மாநிலம்?
வீட்டைப் போய்ப் பார்த்தேன்.
வாசல் கேரளம், மாட்டுக்கொட்டகை தமிழ்நாடு.
இடையில் கொடியில் ஏழாம் நம்பர் ஜெர்சி
காற்றுக்கு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.
வாசல், என்று எழுதிக் கொடுத்தேன்.

"பில் உண்டோ?"
பழைய சாமான் சார், ஜலந்தரில் யாரோ ஆடி முடித்தது.
எலி கடித்துவிட்டது. உக்கடத்தில்
பை தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தேன்,
இருநூற்றைம்பது, சீட்டு தரவில்லை.
அவர் ஒரு பேடைத் தட்டிப் பார்த்தார். பஞ்சு.
முகர்ந்தார். உடனே தள்ளிப் பிடித்தார்.
"இட்டுக் காணிக்கு."

போட்டேன்.
கால் பேடு, நெஞ்சுக் கவசம்.
பதினாறு வயதுத் தலைக்கு வாங்கிய ஹெல்மெட்
என் காதோடு நின்றுவிட்டது.
நாற்பத்தெட்டு வயதில், தடுப்புக் கம்பத்துக்குக் கீழே,
எந்த மாநிலத்தின் கோலைக் காக்கிறேன் என்று தெரியாமல்
குனிந்து நின்றேன்.
பின்னால் தக்காளி வண்டிகள். ஹாரன் அடங்கியது.
எவனோ விசில் அடித்தான்.
ஒரு கிளீனர் பையன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து
விட்டான், நேராக, முழங்காலுக்கு.

நான் ஒருநாளும் ஆடியவன் இல்லை.
ரசீது, முத்திரை, தண்ணீர்க் கேன், அவ்வளவுதான்.
கால் தானாகப் போனது.
தக்காளி பேடில் உடைந்து
அலுவலகக் கதவுவரை தெறித்தது.
"பொய்க்கோ," என்றார், சிரிக்காமல்.

கழற்ற நேரமில்லை. அப்படியே ஏறினேன்.

மைதானம் சேர்ந்தபோது மூன்றாம் கால்பகுதி முடிந்திருந்தது.
நூர்ஜஹானுக்குச் சாமான் இல்லை என்றதும்
எருத்தேம்பதி கீப்பரும் தன்னுடையதைக் கழற்றி
கோட்டுக்கு வெளியே அடுக்கிவிட்டாளாம்.
பந்தைத் தூக்கி அடிப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒப்பந்தம்.
என்னை யாரும் கேட்கவில்லை.
இரண்டு கோலும் திறந்து கிடந்தன.
ஒன்பதுக்கு ஏழு.
முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தாள் நூர்ஜஹான்,
நான்கு வருடத்தில் முதல்முறை
மைதானத்தில் அவள் முகம் பார்க்கிறேன்.
இரண்டு கோல் அவளுடையது என்றாள் ஜெசிந்தா.

கூப்பிட்டேன்: சாமான் வந்தாச்சு!
திரும்பிப் பார்த்தாள்.
ஹெல்மெட் மாட்டிய என்னைப் பார்த்தாள்.
கேட்காதவள் மாதிரி பந்துப் பக்கம் போய்விட்டாள்.

ராத்திரி கணக்கு.
தையல் 250. ஆட்டோ 400. சுண்ணாம்பு 90.
பேடின் தையலில் நாலைந்து தக்காளி விதை
ஒட்டிக் காய்ந்திருக்கிறது.
கீப்பர் தேவை, என்று ஒரு நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.
மலையாளத்தில் எப்படி எழுதினால்
மிரட்டல் மாதிரி இருக்காது என்று
காலையில் டீச்சரிடம் கேட்க வேண்டும்.