கடமைக் கணக்கு

கார்ன்வால், 1836

எண்ணிப் பெட்டியின் சாவி என்னிடம் மட்டும்தான்.
மாதம் ஒருமுறை, மழையோ வெயிலோ
(பெரும்பாலும் மழை)
வீல் டாம்சின் சுரங்கத்துக்கு நடந்தே போவேன்.
பித்தளைப் பூட்டைத் திறந்தால்
உள்ளே முள் நகர்ந்துகொண்டிருக்கும்,
இரும்பு உத்திரம் ஒருமுறை தலையசைத்தால் ஒன்று.

பிப்ரவரியில்
இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
அசைவுக்கு அறுபத்தோராயிரம் ராத்தல் தண்ணீர்,
பத்தடி உயரம்.
பெருக்கு.
தின்ற கரி இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு புஷல்.
வகு.
ஐந்து கோடியே பத்து லட்சம்.
ஒரு புஷல் கரி
அத்தனை ராத்தலை ஓரடி தூக்கியிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர் கடமை.
இயந்திரத்தின் கடமை.
மனிதருக்கு அந்தச் சொல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

முழுக் கடமை எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது.
கரிக்குள் எத்தனை கோடி கிடக்கிறதென்று
திறந்து பார்க்கப் பூட்டில்லை.
போன மாதம் இருக்கிறது, பக்கத்துச் சுரங்கம் இருக்கிறது,
கூடியதா குறைந்ததா, அவ்வளவே.
"மிச்சம் எங்கே போகிறது?"
ஜேகோ டிரெவாஸ்கிஸைக் கேட்டேன்.
கொதிகலன் பக்கமாக உள்ளங்கையை நீட்டி
"இதோ" என்றான்.

மார்ச்சில் ஒரு பொறியாளர் வந்தார்.
கொதிகலனைச் சுற்றிப் பலகை அடைத்து
இடையில் மரத்தூள் கொட்டினார்.
குழாய்களுக்குக் கம்பளி சுற்றினார்,
குழந்தைக்குச் சுற்றுவதுபோல.
அதே அசைவுகள்.
கரி, இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தேழு.
ஆறு கோடியே இருபது லட்சம்!
அந்த எண்ணை அழகான கையெழுத்தில் எழுதினேன்.
முதலாளிகள் ஜேகோவுக்குத் தொப்பி வாங்கித் தந்தார்கள்.

தாது உடைக்கும் லவ்டே பாஸ்கோ
சொட்டும் காலுறையோடு வாசலில் நின்றாள்.
கொதிகலன் மேலே முப்பத்துநான்கு கொக்கிகள்.
பலகை நாயின் மூக்குபோல் சில்லிட்டிருந்தது.
"இனி எங்கே காயப்போடுவது?"
என் ஏட்டைப் பார்த்துக் கேட்டாள், என்னை அல்ல.

ஏட்டில் அசைவு, பாரம், கரி;
வேறு பத்தி கிடையாது.
அந்தக் காலுறையை இரவல் வாங்கினேன்.
ஈரத்தில் பதினோரு அவுன்ஸ்.
என் வீட்டு அடுப்பில் காய்ந்தபின் ஆறு.
ஐந்து அவுன்ஸ் தண்ணீர்,
முப்பத்துநான்கு கொக்கி, இருபத்தாறு நாள்.
பெருக்கிவிட்டேன்.
இதுவும் தண்ணீரை மேலே ஏற்றிய வேலைதானே,
கூரை இடுக்கு வழியாக, சத்தமில்லாமல்.
எத்தனை அடி உயரத்துக்கு?
பென்சிலைக் கீழே வைத்தேன்.

ஏப்ரல். அதே பூட்டு, அதே மழை.
பின்பக்கம் ஒரு பலகையைக் காணவில்லை.
மரத்தூள் கொஞ்சம் சரிந்து கிடந்தது.
கொக்கிகளில் சாம்பல்நிறக் காலுறைகள்,
ஆவி விட்டபடி.
ஜேகோ தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு
அடுப்பைக் கிளறினான், தேவைக்கு அதிகமாக.

ஆறு கோடியே ஒன்பது லட்சம்.
குறைந்ததற்குக் காரணம் கேட்பார்கள்.
ஓரத்தில் எழுதினேன்:
கரியில் ஈரம்.