மூன்றாவது ஓனர்

இருபது வருஷமாய் ராணிப்பேட்டையில்
தோல் தரம் பிரிக்கிறேன்.
உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி இழுத்த கோடு,
உரிக்கும்போது கத்தி தவறிய இடம்
எல்லாம் கண்ணுக்கு முன்னால்
விரலுக்குத் தெரிந்துவிடும்.
தெரிந்ததும் சாக்பீஸால் ஒரு வட்டம்.
வட்டம் விழுந்தால் விலை குறையும். அவ்வளவுதான் தொழில்.

ஆற்காட்டில், கலவை ரோட்டில்,
அந்த வெள்ளி நிற சான்ட்ரோவைப் பார்த்ததும்
கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

இரண்டாயிரத்து எட்டு மாடல், பெட்ரோல்.
ஆர்.சி.யில் இரண்டாவது பெயர் பிரபாவதி.
"டைமிங் பெல்ட் மாத்தியாச்சு சார்.
மாத்தினதாத்தான் சொன்னாங்க."
இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்
எத்தனை கிலோமீட்டர் என்பதுபோல
மெக்கானிக் யூனுஸ் என்னைப் பார்த்தான்.

வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று
முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன்.
பானெட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.
அந்தம்மாவை அப்போதே பிடித்துப்போயிற்று,
காட்டிக்கொள்ளவில்லை.

இடது முன்கதவைக் கண்ணை மூடித் தடவினேன்.
கைப்பிடிக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு
பெயின்ட்டுக்கு அடியில் வேறு ஏதோ.
யூனுஸ் ஃபிரிட்ஜ் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தான்.
மற்ற இடமெல்லாம் கவ்விய காந்தம்
அங்கே மட்டும் வழுக்கி விழுந்தது.
"பட்டி பாத்துகீறாங்கோ."
வட்டம்.

ஸ்டெப்னி கிடந்த பள்ளத்தில் துரு,
என்றோ தேங்கிய மழையின் வாசனை. வட்டம்.
ரேடியேட்டருக்குள் பச்சை இல்லை, டீ நிறம். வட்டம்.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, எடுத்து
விரலில் தேய்த்து முகர்ந்தான் யூனுஸ்.
"கருப்பாத்தான் கீது, பால் மாதிரி ஆவல.
ஹெட் நல்லா கீதுண்ணா."
நல்லதைக் குறிக்க எங்கள் மேஜையில்
அடையாளம் எதுவும் கிடையாது.

மீட்டரில் அறுபத்தோராயிரம்.
கிளட்ச் பெடல் ரப்பரிலோ
ஒரு கோடு மிச்சமில்லை, மொழுமொழுவென்று.
டிரைவர் பக்கத் தூணில் கருத்துப்போன ஸ்டிக்கர்.
பாட்டில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.
அடுத்த ஆயில்: 94,500.
தேதி, அவர் வண்டி வாங்கியதற்கு
இரண்டு மாதம் முன்னால்.

பிரபாவதி குனிந்து படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.
"நான் வாங்கறப்ப நாப்பத்திரண்டுதான் காட்டுச்சு."
கணக்கு டீச்சர். விரல் மடக்கவில்லை.
"பத்தாயிரத்துக்கு ஒருதரம் ஆயில்னு வெச்சா
இப்ப ஒரு லட்சத்து மூவாயிரத்து ஐந்நூறு. குறைஞ்சபட்சம்."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எதிர்வீட்டு மோட்டார் ஓடி நின்றது.

பிறகு என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி
பாட்டிலில் நனைத்து
மீட்டர் கண்ணாடியில் தானே போட்டார்,
என் வட்டங்களைவிட உருண்டையாக.

பத்தாயிரம் குறைக்கச் சொல்ல வந்திருந்தேன்.
அவர் பதினெட்டு குறைத்தார்.
எனக்குப் பேரம் வாயில் வரவே இல்லை.

முதல் வாரமே பெல்ட், கூடவே வாட்டர் பம்ப்.
கழற்றிய பெல்ட்டைத் திருப்பி வளைத்துக் காட்டினான் யூனுஸ்,
பல்லுக்குப் பல் விரிசல்.
டிக்கிப் பள்ளத்தில் அடைத்திருந்த ஓட்டையைக் குத்தி
துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன்.
வெளி வட்டங்களை ஆடி மழை கழுவியது.
மீட்டருக்கு ஏது மழை?
ஞாயிறுதோறும் துடைக்கும்போது
துணி அதைச் சுற்றிக்கொண்டு போகிறது.

அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள்
பாலாற்றுப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் நின்றோம்.
கீழே மணல் தகதகக்க, ஃபேன் ரிலே போய்
ஊசி சிவப்பை நோக்கி ஏறியது.
ஜன்னல் நாலையும் இறக்கி
ஹீட்டரை முழுசாகத் திருகினேன்.
"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் கோமளா.
இன்ஜின் சூட்டை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம்
என்று விளக்கினேன்.
கால்மாட்டில் அடுப்பு. சட்டை முதுகோடு ஒட்டியது.
ஊசி யோசித்தது. ஒரு மயிரிழை இறங்கியது.

தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி
என் சட்டைப் பையிலிருந்து
சாக்பீஸை எடுத்து நீட்டினாள்:
"என்மேல ஒண்ணு போடுங்க.
இதைக் கட்டிக்கினு வந்ததுக்கு."