ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர்

மொட்டைமாடிகள்தான் எனக்கு மன்னார்குடி.
தெருப்பெயர்களைக் கீழே இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.
இண்டர்நெட்டுக்கு ஒயர் இழுப்பவன் நான்,
இணைப்பு ஒன்றுக்கு நூற்றைம்பது,
மழை நாளென்றால் இருநூறு.

மேலே நிற்பதையெல்லாம் எனக்கு வாசிக்கத் தெரியும்.
மீன்முள் மாதிரி இருப்பது பழைய டி.வி. ஆன்டெனா.
சிலது இன்னும் தென்கிழக்கே பார்க்கிறது,
இலங்கைப் படம் பிடிக்க யாரோ திருப்பியது,
திருப்பியவர் திரும்ப மறந்துவிட்டார்.
காவல் நிலைய மாடியில்
ஒன்றன்மேல் ஒன்றாக நாலு வளையம்: வயர்லெஸ்.
தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
நீளமாக ஒரு கம்பி, அதில் நைட்டி காய்கிறது.
நுனியில் பீங்கான் குமிழ் இருக்கிறதா, பார்.
இருந்தால் அது கொடி இல்லை.
வீட்டுக்காரர் ராத்திரி ரஷ்யாவோடு பேசுகிறார்.

கீழப்பாலம் பக்கம் ஒரு மாடியில்
எனக்குத் தெரியாத ஒன்று நின்றது.

பி.வி.சி. குழாய்த் தலையில் இரண்டு அலுமினியக் கம்பிகள்,
படுக்கைவாக்கில், விரிந்து, வடக்கே பார்த்து.
யாரையோ கட்டிக்கொள்ளக் கை நீட்டியதுபோல என்று எழுதலாம்.
அப்படியெல்லாம் இல்லை.
கோழிக்காலில் இரண்டு விரல்.

"உளவு" என்றான் கூட வந்த இருதயராஜ்.
அவனுக்கு எல்லாமே உளவு,
போன வாரம் ஒரு சோலார் ஹீட்டர்.

டேப்பை எடுத்தேன்.
ஆன்டெனாவிடம் கேட்க ஒரே கேள்விதான்: நீளம் என்ன?
எந்த அலைக்குக் காத்திருக்கிறதோ
அதில் கால்பங்குதான் அதன் உடம்பு.
வாய் பொய் சொல்லும், கம்பி சொல்லாது.

ஐம்பத்து மூன்று.
நாலால் பெருக்கி, முந்நூறை அதால் வகுத்து,
கொஞ்சம் கழித்தால்
நூற்று முப்பத்தேழு மெகாஹெர்ட்ஸ் வாக்கில்.
அந்த இடத்தில் போலீஸ் இல்லை.
விமானங்களின் பேச்சும் அதற்குக் கீழேயே முடிந்துவிடும்.
விமானத்துக்கும் மேலே யார்?

"தொடாதீங்க, இப்பத்தான் நிமித்தி வச்சேன்."
படியேறி வந்தவர் புடவை விளிம்பில் நெல் சுணை.
ஞானசுந்தரி, நெல் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.

போன ஐப்பசியில் வெட்டவெளியில் மூவாயிரத்துச் சொச்சம் மூட்டை,
தார்ப்பாய் பதினொன்று, அதில் இரண்டு கிழிசல்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் எடுக்கக்கூடாது.
விடியற்கால மழைக்கு மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.
'திருப்பி அனுப்பப்பட்டது' என்று
அறுபத்துநாலு பேருக்கு எழுதின கை இது என்று
கையைக் காட்டவில்லை, குழாயைப் பிடித்திருந்தார்.

"மழை வரும்னு போனே சொல்லுதே?"

"மாவட்டம் முழுக்க மிதமான மழைங்கும்.
என் தார்ப்பாய் மாவட்டம் முழுக்கவா போர்த்தும்?"

அப்புறம் குரல் இறங்கியது.
"இதுவும் என் களத்துக்குன்னு தனியா சொல்லாது தம்பி.
ஆனா நானே பார்த்தேன்னு நோட்டுல எழுதலாம்.
இத்தனை மணிக்குப் பார்த்தேன், இத்தனை மணிக்கு லாரி கேட்டேன்,
வரலைன்னா வரலைன்னு எழுதலாம்."

ஆறு நாற்பதுக்கு அது வந்தது.
கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
லேப்டாப்பில் முதலில் வெறும் இரைச்சல்,
வறுக்கிற மணல் மாதிரி.
பிறகு வரிவரியாகச் சாம்பல்,
கோடியக்கரையின் மூக்கு,
அதற்குக் கிழக்கே வங்காள விரிகுடா முழுக்க
வெள்ளையாக ஒரு மொத்தை.
இருதயராஜ் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பெட்டியின் இரைச்சல் அதில் விழக்கூடாதென்று
ஒயரை மறுபக்கச் சுவரில் இறக்கினேன்,
ஆறு மீட்டர் கூடுதல், கணக்கில் வராதது.
நூற்றைம்பது எண்ணிக் கொடுத்தவர்
இன்னொரு கையால் லாரி ஆபீசுக்குப் போட்டுக்கொண்டே சொன்னார்:
"நாளைக்கு வந்திருந்தா இருநூறு வாங்கியிருப்பீங்க."