சொட்டுக்குப் பத்து

பற்குணம் அண்ணை பேர்ணிலிருந்து கேக்கிறார்:
“இண்டைக்கு எத்தினை?”
உரும்பிராயில இரவு ஒன்பதரை.
பூல் விளிம்பில குந்தியிருந்து
சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறன்.

திங்கள் முப்பத்தெட்டு.
செவ்வாய் நாப்பத்தொண்டு.
புதன், அதே தண்ணி, அதே போத்தல்,
இருபத்தாறு.

சொட்டுக்குப் பத்து எண்டு பெட்டியில போட்டிருக்கு.
ஒரு ராவில நூற்றைம்பது எங்க போனது?
சுண்ணாம்பு ஆவியாகிறேல்லை அண்ணை எண்டன்.
“அப்ப நீர் பிழையா எண்ணியிருக்கிறீர்.”

இதுக்கு முதல் கடதாசித் துண்டுதான் அனுப்பினவர்.
பூலில தோய்ச்சன், கடைசி நிறம்.
கிணத்தில தோய்ச்சன், கடைசி நிறம்.
பவுசர்த் தண்ணியிலயும் அதேதான்.
நானூறுக்கு மேல அந்தப் பெட்டிக்கு எண் தெரியாது.
முழங்கால் ஆழம் கிண்டினால் வெள்ளைக் கல் மறிக்கிற நிலம்
அதுக்கு ஆர் சொல்லுறது?
கேத்திலுக்குள்ள கல்.
ஷவர்க் கண்ணெல்லாம் கல்.
என்ர மச்சான்ர கிட்னியில நாலு மில்லிமீற்றர்,
ஸ்கேன் எடுத்து வைச்சிருக்கிறான்.

சரி, பிழை எங்க எண்டு பாப்பம்.
போத்தலை நட்டுக்கு நேரே பிடிச்சன்,
சரிச்சால் சொட்டு ஒரு அளவா விழாது.
மூக்கை ஈரத்துணியால துடைச்சன்.
திகதி ஆவணி வரைக்கும் கிடக்கு;
ஆனால் ஆறு மாசமா அது இருந்தது
மோட்டர்க் கொட்டில்ல, தகரத்துக்குக் கீழ,
மத்தியானத்தில முட்டை அவியிற சூடு.

கார்த்திகை மழையில பிடிச்ச தண்ணி
ஒரு கானில இருந்தது.
நிறமருந்து விழுந்த கையோட நீலம்.
ஒரு சொட்டும் கேக்கேல்லை. பூச்சியம்.
பூச்சியம் சரியெண்டால் நாப்பதும் சரியாகுமோ,
அது வேற கேள்வி.
கொழும்பில சொல்லி, பஸ்ஸில ஒரு புதுப் போத்தல் எடுப்பிச்சன்.

புதுசும் ஊதாவில வந்து நிண்டுது.
சிவப்பு போகுது, நீலம் வரேல்லை,
நடுவில ஒரு நாவற்பழச் சாறு.
முப்பதில நிப்பாட்டவோ, அம்பதில நிப்பாட்டவோ?
அப்பதான் நினைவு வந்தது:
பாசிக்கெண்டு போன மாசம் நான் ஊத்தினது செம்பு மருந்து.
செம்பு நிறமருந்தைப் பிடிச்சால் விடாதாம்.
அஞ்சு சொட்டை முதலே விட்டிட்டு
பிறகு நிறத்தைப் போடவேணும்,
அந்த அஞ்சையும் கணக்கில சேக்கவேணும்.

அப்பிடியும் செய்தன்.
“நீலம்” எண்டன்.
தைக்கிற துணியோட வந்த தாட்சாயினி
“எங்க நீலம்? கத்தரிப்பூ” எண்டாள்.
பதினாலு வருசமா சாறிக்குச் சட்டைத்துணி பொருத்துறவள்.
“ரியூப் லைற்றுக்குக் கீழ நிறம் பாத்து
நான் எத்தினை துணியைத் திருப்பிக் குடுத்திருப்பன்.
விடியட்டும்.”

விடிய ஆறரை.
வெள்ளை லைனிங் துணிக்கு முன்னால குழாயை வைச்சாள்.
நான் சொட்டு விட, அவள் நிறம் பாத்தாள்.
“இன்னும்.”
“இன்னும்.”
“பொறுங்கோ, கலக்குங்கோ.”
“இன்னும் ஒண்டு.”
“காணும்.”
நாப்பத்துநாலு.
திரும்பவும் செய்தம், நாப்பத்துநாலு.
மூண்டாந்தரம் நாப்பத்துமூண்டு,
அது அடுத்த வீட்டு நாய் குரைச்சதில
எண்ணத் தவறினது எண்டு நினைக்கிறன்.

ஆடியில பிள்ளையளோட வந்து
அவை குளிக்கிறது பதினாறு நாள்.
மிச்ச நாளெல்லாம் தண்ணி காயுது,
கல் இருக்குது, நான் பவுசருக்கு அடிக்கிறன்.
அந்தத் தண்ணியும் எங்கட கிணத்துத் தண்ணிதான்.

படம் எடுத்து அனுப்பினன்.
போனில பாத்தால் ஊதா.
எனக்கே ஊதா.
அழிச்சிட்டு எழுத்தில போட்டன்:
நாப்பத்துநாலு. நானூற்று நாப்பது.
தாட்சாயினி பாத்தவள்.

பத்தரைக்கு ரெண்டு சரியும் நீலமாச்சுது.
அது நீலம்தான்,
ஆரையும் கூப்பிட்டுக் காட்டத் தேவையில்லை.
பதில் வரேல்லை.