உள்வரவுப் பதிவேடு

மேட்டுப்பாளையம் பஸ் கோத்தகிரி ஏறிவரப் பத்தரை ஆகும்.
மூடுபனி இறங்கினால் பதினொன்று, பதினொன்றரை.
பெள்ளி சாக்குப் பையைத் தோளிலிருந்து என் மேஜையில் சரிப்பான்.
கடிதங்களில் தேயிலைத் தூள் வாசம் ஏறியிருக்கும்.
பிரித்து, தேதி குத்தி, எண் போட்டு,
'பொருள்' என்ற கட்டத்தில்
ஒரு வரி எழுதுவது என் வேலை.
மாதம் நூற்றுப் பத்து ரூபாய்.

பிரின்ஸ்பாலுக்கு வந்தவை கொஞ்சம்.
ஜெனரலுக்கு வந்தவைதான் அதிகம்.
இரண்டு பேரும் ஒரே நாற்காலி,
ஒரே தியோடர் வேதமுத்து.
தோற்றுத் திரும்பியவருக்கு
யார் இவ்வளவு எழுதுகிறார்கள் என்று
முதல் வாரம் நினைத்தேன்.

ஈரோட்டு உரக் கம்பெனி ஒன்று:
டைரக்டர் பதவி, வேலை ஏதும் கிடையாது,
தங்கள் பெயர் மட்டும் போதும்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்,
'அந்தப் பெயரைப் போட்டால் பயிர் கருகும்.'
கொஞ்சம் மரியாதை சேர்த்து டைப் அடித்தேன்.

சென்னைப் பதிப்பாளர் நான்கு முறை கேட்டார்.
குற்றம் டெல்லியுடையதா, உங்களுடையதா,
முந்நூறு பக்கம் போதும், முன்பணம் உண்டு.
நான்கு முறையும் ஒரே பதில்:
'கால அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.'

சீட் கேட்டு எழுதும் அப்பாக்கள்
போருக்கு ஒரு வரி ஒதுக்குவார்கள்.
ஐயா, நீங்கள் தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டீர்கள்.
அடுத்த வரியில் பையனின் இயற்பியல்:
முப்பத்தொன்று.

அனுப்புநர் பெயரில்லாமல் ஒரு சின்ன பார்சல்.
பஞ்சுக்கு நடுவே இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்.
கை நடுங்கி, 'அன்பளிப்பு' என்று எழுதிவிட்டேன்.
வளையலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.
"எண் போட்டாயா?" என்றார்.
அவ்வளவுதான்.

பிறகு அந்த இன்லண்ட் லெட்டர்.
கழுகுமலைக்குத் தெற்கே ஏதோ ஊர், ஊதாப் பென்சில்,
வாத்தியார் கையெழுத்து, மாடத்தியின் பேச்சு.
மகன் பலவேசம். உடம்பு வரல. பென்ஷன் வருது.
யாரையும் குறை சொல்லல.
ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சாமி.
அங்க பனி முழங்கால் வரைக்குமாமே.
காலுக்குக் கம்பளி உறை
குடுத்திருந்தியளா?

பதினோரு நாள் அது உள்தட்டிலிருந்து வெளியே வரவில்லை.
குப்பைக்கூடையைக் கவிழ்க்கும்போது பெள்ளி காட்டினான்,
கசங்கிய தாள்கள், எல்லாம் அவர் கையெழுத்து.
'வழங்கல் பிரிவுக்கு மூன்று முறை…'
'பதினாலாயிரம் அடி உயரத்தில் எந்தப் படையும்…'
'எனக்குக் கிடைத்த உத்தரவு…'
ஒன்றில் 'அம்மா' மட்டும்.
அதற்கும் அடித்தல்.

பன்னிரண்டாம் நாள் குடை இல்லாமல்
தானே தபாலாபீஸ் இறங்கிப் போனார்.
வெளிச்செலவுப் பதிவேட்டில் அதற்கு எண் கிடையாது.
என்ன எழுதினார் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜனவரியில் ஹாஸ்டல் புல்வெளி
உப்புக் கொட்டியதுபோல் வெளுத்தது.
காலைப் பிரார்த்தனையில் அவர் முகங்களைப் பார்க்கவில்லை,
வரிசை வரிசையாய்க் கால்களைப் பார்த்துக்கொண்டு போனார்.
வெறுங்காலில் நின்ற எருமாட்டுக்காரன் மகனை
வகுப்புக்கு அனுப்பாமல் கடைத்தெருவுக்கு அனுப்பினார்,
சீட்டும் பணமும் கொடுத்து.
பையன்கள் அவருக்குச் 'செருப்புக்கடை' என்று பெயர் வைத்தார்கள்.
தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார்.

மாசிக் கடைசியில் மாடத்தியின் பதில் வந்தது.
இன்லண்டின் மூன்று மடிப்பும் காலி.
மேலே, அதே ஊதாப் பென்சில்:
'அப்பச் சரி.'

மார்ச்சில் ஆடிட்டர் விரலால் தடவிக்கொண்டே வந்து
நானூற்றுப் பதினேழில் நின்றார்.
"தேதி இருக்கு, எண் இருக்கு,
பொருள் ஏன் காலி?"
கூரை ஒழுகிற ஆபீஸ் சார், என்றேன்,
மை கலைந்திருக்கும்.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
போன வருஷம்தான் ஓடு மாற்றியிருந்தோம்.
உள்ளறைக் கதவு திறந்திருந்தது.
"எழுதிக்கொள்ளுங்கள்," என்றது குரல்,
"ஒழுகல். பொறுப்பு, பிரின்ஸ்பால்."